சீனக்குடாவில் பரபின் எண்ணெய்

என் கணவரின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலை, அவர் வேலை செய்த எண்ணெய்த் தொழிற்சாலையின் முதலாளி பாலையூற்றில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். கிண்ணியாக்காரர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் உட்காராமல் நின்றார். மாமா கதிரையை இழுத்துப் போட்டார். மாமா என் கணவரின் அப்பா. டொக்யார்டில் இயந்திரம் பூட்டும் பிற்றராக இருந்து, வெள்ளைக்காரக் கடற்படை போனபோது வேலையும் போய், அதன்பின் தண்ணீர்ப் பம்புகள் திருத்திக்கொண்டிருந்தவர். மாமி எங்கள் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டா. அந்த வீட்டில் அப்போது மிஞ்சியிருந்தது நாங்கள் இருவர்தான்.

“நான் கேக்க வந்தது சரியோ பிழையோ தெரியா, மகள்,” என்றார் முதலாளி. “அந்தத் தாங்கியில எண்ணெய் பாதி வேலையில கிடக்கு. அத என்ன செய்யிறதெண்டு சொல்ல ஒரு ஆள் இல்ல. வெளியில ஊத்தவும் மனசு வருகுதில்ல. நீங்களும் அவரோடதானே படிச்சீங்க.”

படித்தது உண்மை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருவருக்கும் இரசாயனம்தான் பாடம். பிறகு நான் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். நிரந்தர நியமனம் வரவில்லை; கல்யாணத்தோடு நின்றுவிட்டேன்.

“அசிட் இன்னும் உள்ளுக்குள்ளதானோ? கசடு இறக்கியாச்சோ?” என்று நான் கேட்டேன்.

மாமா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். முதலாளியும் பார்த்தார். ஒரு மாதமாக வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் என் முகத்தில் ஏதோ ஒன்றைத் தேடினார்கள். அது அங்கே இல்லாதபடியால் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். நான் அழவில்லை. சேமக்காலையில் மண் போடும்போதும் அழவில்லை. அம்மா ஊரிலிருந்து வந்து என்னைப் பிடித்துக் குலுக்கி, “அழு பிள்ளை, அழுதாத்தான் ஆறும்,” என்றா. எனக்கு அழுகை வரவில்லை. பிடித்து வைத்திருக்கவும் இல்லை. கை மரத்துப்போனால் அதைத் தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி என்னை நானே தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கசடு இறக்கேல்ல. ஒருத்தரும் கிட்டப் போகுதில்ல,” என்றார் முதலாளி.

“நான் வாறன்.”

அவர் போனபிறகு மாமா கதிரையைத் திரும்ப எடுத்து வைத்தார். பிறகு, “நீ போறதெண்டால் நானும் வாறன், பிள்ளை,” என்றார்.

*

எழுபதுகளின் முற்பகுதி அது. வெளிநாட்டுச் சாமான்கள் வருவது அநேகமாக நின்றுபோயிருந்தது. மா, துணி, சைக்கிள் டயர் என்று எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. எஞ்சின் எண்ணெயும் அப்படித்தான். அதனால் பாவித்துக் கறுத்த எண்ணெயை எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப விற்கும் தொழில் அங்கங்கே முளைத்தது. எங்கள் முதலாளி சீனக்குடாவில் உள்துறைமுகத்தை ஒட்டி ஒரு பழைய தகரக் கொட்டகையை எடுத்து அதில் தாங்கிகளை வைத்தார். தம்பலகாமத்து உழவு இயந்திரங்கள், மூதூருக்கு ஓடும் லோஞ்சுப் படகுகள், லொறிகள் எல்லாவற்றிலும் வடித்த எண்ணெய் பீப்பாய்களில், பரல் பரலாக வந்து இறங்கும். தார் மாதிரி இருக்கும்.

அதைச் சுத்தம் செய்கிற முறை கேட்பதற்கு எளிது. எண்ணெயைச் சூடாக்கித் தண்ணீரைப் போக்குவார்கள். ஆறியதும் கந்தக அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குவார்கள். அமிலம் அழுக்கை எல்லாம் பிடித்துக் கறுப்புக் கசடாக அடியில் கொண்டுபோய் உட்கார்த்தும். கசடை இறக்கிவிட்டு, மிஞ்சிய புளிப்பைக் கோஸ்டிக் சோடாவால் முறித்து, தண்ணீரால் கழுவி, காய்ந்த ஒருவகைக் களிமண்ணோடு சேர்த்து வடித்தால் தேன் நிறத்தில் எண்ணெய் வரும். நடைமுறையில் ஒவ்வொரு படியும் ஆபத்து. என் கணவரின் சட்டைகள் எல்லாவற்றிலும் பொட்டுப் பொட்டாக ஓட்டை இருந்தது. தீக்குச்சி எரிந்த மணம் அவரிடம் எப்போதும் இருக்கும்.

மருந்து எண்ணெய் பிறகு வந்த யோசனை. ஆஸ்பத்திரியில் பரபின் எண்ணெய் முடிந்துபோயிருந்தது. மலச்சிக்கலுக்குக் குடிக்கக் கொடுப்பதும், களிம்புகளுக்குச் சேர்ப்பதும், படுக்கையில் கிடப்பவர்களுடைய தோலில் பூசுவதும் அதுதான். முதலாளியிடம் ஏலத்தில் எடுத்த மெல்லிய எண்ணெய் கொஞ்சப் பரல்கள் இருந்தன. மூடி திறக்காதவை, எந்த எஞ்சினுக்குள்ளும் போகாதவை. “இதைக் கழுவிக் கழுவித் தண்ணி மாதிரிக் கொண்டுவரலாம்,” என்று என் கணவர் சொல்லியிருந்தார். சாதாரண அமிலம் அதற்குப் போதாது. திறந்தவுடன் வெண்புகை கக்குகிற கடும் அமிலம் வேண்டும். அதற்கு அனுமதி எடுத்து, கொழும்பிலிருந்து கண்ணாடிக் குடுவைகளில் வைக்கோல் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அது மாரி தொடங்குகிற நேரத்தில் வந்து சேர்ந்தது. தாங்கியில் பாதி வேலையில் கிடந்தது அந்த மெல்லிய எண்ணெய்தான்.

மாமாவும் நானும் சீனக்குடா பஸ்ஸில் போய் இறங்கினோம். நான் வெள்ளைச் சேலை உடுத்திருந்தேன். வழியில் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த இரண்டு பெண்கள் பஸ்ஸில் இருந்தார்கள். அவர்கள் குரலைத் தாழ்த்தியதை நான் கவனித்தேன். அது என்னைத் தொடவில்லை.

கொட்டகையின் ஒரு மூலையில் கூரைத் தகரம் திறந்து கிடந்தது. தாங்கிக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்வதற்கான பலகை மேடை ஓரிடத்தில் கரியாகி இருந்தது. வேலைகளை மேற்பார்க்கும் ஃபோர்மன் அங்கே நின்றார். சல்லிக் கிராமத்தைச் சேர்ந்தவர், முன்பு படகு எஞ்சின்கள் திருத்தியவர். அவருடைய இடது கை முழங்கைவரை கட்டுப் போட்டிருந்தது. என்னைக் கண்டதும் பின்பக்கமாகப் போய்விட்டார். மாமாதான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்.

“அண்ணன், அண்டைக்கு நடந்ததைச் சொல்லுங்கோ. தாங்கிக்குள்ள என்ன போனது எண்டு தெரியாமல் நான் கை வைக்க ஏலாது,” என்றேன்.

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா ஒரு வெறும் பரலின் மேல் உட்கார்ந்து, சொல்லச் சொல்லித் தலையசைத்தார்.

“கூரை ஒழுகுதெண்டு மேல ஒரு கன்வஸ் படங்கு கட்டியிருந்தது, தங்கச்சி. மழை பெய்து படங்கில தண்ணி தேங்கிப்போச்சு. ஐயா, உங்கட அவர், அதைக் கண்டிட்டார். அசிட் விடுறதை நிப்பாட்டு, ஓடிப்போய்க் கயிறு எடுத்துக்கொண்டு வா, படங்கை இழுத்துக் கட்டுவம் எண்டார். நான் ஏணியால இறங்கினனான். அடியில கால் வைச்சனோ இல்லையோ, படங்கு கிழிஞ்சு அவ்வளவு தண்ணியும் தாங்கிக்குள்ள விழுந்திட்டுது. அப்பிடியே பொங்கி எழும்பினது. ஐயா தடியால படங்கைத் தள்ளிக்கொண்டு நிண்டவர். நான் போய் இழுத்தனான். அதிலதான் என்ர கை…”

அவர் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். “என்னை அனுப்பாமல் அவர் இறங்கியிருந்தால்,” என்று தொடங்கி முடிக்காமல் விட்டார்.

நான் அவருக்கு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். “அதுக்குப் பிறகு தாங்கியை மூடினீங்களோ? வேற மழைத்தண்ணி போகேல்லைத்தானே?”

ஃபோர்மன் என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. மனிதர் பயந்துவிட்டார். “ஓம், மூடினனாங்கள்,” என்று மெதுவாகச் சொன்னார்.

*

முதல் வேலை கசடை இறக்குவது. அது தாங்கியின் அடியில் இறுகிப் பாறையாகியிருந்தது. வெளியிலிருந்து மெல்லிய சூடு கொடுத்து இளக்கி, ஃபோர்மனும் இன்னொரு தொழிலாளியும் இறக்கினார்கள். நான் கூரையை முதலில் திருத்தச் சொன்னேன். முதலாளி மறுபேச்சில்லாமல் புதுத் தகரம் போட்டார். மேடையையும் மாற்றினார். அந்தக் கரியான பலகைகளை என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

பொங்கி வழிந்ததுபோக மிஞ்சிய எண்ணெய் மங்கலான மஞ்சளாக இருந்தது. கடும் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட்டுத் திரும்பவும் கலக்கினோம். கசடு இறங்கியது. திரும்பவும் விட்டோம். நான் மேடையில் நின்றேன், என் கணவர் நின்ற பக்கத்தில். எல்லாரும் கீழே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். நான் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சூடு ஏறினால் நிறுத்தச் சொன்னேன், இறங்கினால் விடச் சொன்னேன். வேறு எதையும் நான் உணர்ந்ததாகச் சொன்னால் அது பொய்.

மாமா ஒவ்வொரு நாளும் என்னோடு வந்தார். ஆரம்பத்தில் சும்மா பரலின் மேல் இருந்தார். பிறகு கலக்கும் மோட்டர் முனகுகிறது என்று எழும்பிப் போய்த் திருத்தினார். அதன்பின் பம்புகள், குழாய்கள் எல்லாம் அவர் பொறுப்பாகிவிட்டன. மத்தியானம் இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டு சோற்றுப் பார்சலைப் பிரிப்போம். அப்படி ஒரு மத்தியானத்தில், கறியைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

“ஆஸ்பத்திரியில என்னை ஏன் பிள்ளை உள்ளுக்கு விடேல்லை?”

நான் வாயில் இருந்ததை விழுங்கினேன். “அவர் சொன்னவர், மாமா.”

“என்னெண்டு?”

“‘அப்பாவை உள்ளுக்கு விடாதையும். அவர் இதைப் பார்க்கக் கூடாது’ எண்டு சொன்னவர்.”

“கதைச்சவனோ? அவன் கதைக்க ஏலாமல் கிடந்தவன் எண்டுதான் எனக்குச் சொன்னாங்கள்.”

“முதல் நாள் கதைச்சவர். இது மட்டும்தான் தெளிவாச் சொன்னவர்.”

மாமா சோற்றை மூடி வைத்துவிட்டார். கடல் பக்கமாக எழும்பிப் போய் நின்றார். நான் என் சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன். அந்த நாட்களில் சோறும் மண்ணும் எனக்கு ஒன்றுதான். எதையும் நாக்கு அறியவில்லை. பசி என்றும் ஒன்று இருக்கவில்லை, நேரமானால் சாப்பிட்டேன்.

*

அமிலம் முடிந்தபிறகு கழுவுவது பெரிய தொல்லை. கடும் அமிலம் எண்ணெயில் ஒருவகைச் சவர்க்காரத்தை உண்டாக்கிவிடும். தண்ணீர் விட்டால் நுரைத்துப் பால் மாதிரித் திரண்டு நிற்கும், பிரியாது. சாராயச் சத்தைத் தண்ணீரில் கலந்து கழுவினால்தான் அந்தச் சவர்க்காரம் பிரிந்து வரும். கலால் அனுமதியோடு மதுசாரம் வாங்கினோம். கழுவி, நீராவி விட்டு, களிமண் நிரப்பிய உயரமான குழாயால் துளித்துளியாக வடிய விட்டோம்.

வடிந்ததைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே வைத்தபோது முதலாளி, “அல்லாஹ்,” என்றார். தண்ணீரைப்போல் இருந்தது.

“முடிஞ்சுதே, மகள்?”

“சோதிச்சுப் பாக்கவேணும், முதலாளி.”

மருந்து எண்ணெய்க்கு ஒரு சோதனை உண்டு. ஒரு குழாயில் எண்ணெயையும் அதே அளவு சுத்தமான கந்தக அமிலத்தையும் எடுத்து, கொதிக்கும் தண்ணீரில் வைத்து, இடையிடையே குலுக்க வேண்டும். எண்ணெயில் கண்ணுக்குத் தெரியாத அசுத்தம் மிஞ்சியிருந்தால் அடியில் நிற்கும் அமிலம் நிறம் மாறும். மெல்லிய வைக்கோல் நிறம் வரலாம், அதற்குமேல் கூடாது. எங்கள் குழாயில் அமிலம் பால் விடாத தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது.

“இது குடிக்கக் குடுக்கிற எண்ணெய் இல்லை,” என்றேன்.

முதலாளி போத்தலைத் திரும்பவும் வெளிச்சத்தில் பிடித்தார். “கண்ணுக்கு ஒண்டும் தெரியுதில்லையே. ஆஸ்பத்திரியிலயும் கேட்டுக்கொண்டே இருக்கிறாங்க.”

“கண்ணுக்குத் தெரியாது. வருத்தக்காரர் மாதக்கணக்காக் குடிக்கிறது. ஏலாது, முதலாளி.”

அவர் கோபிப்பார் என்று ஃபோர்மன் நினைத்திருக்க வேண்டும். ஓரடி முன்னுக்கு வந்தார். முதலாளி போத்தலை மேசையில் வைத்தார். “நீங்க ஏலாதெண்டா ஏலாதுதான். அப்ப இத என்ன செய்யிறது?”

“பாதியைத் தையல் மெஷின் எண்ணெயா விடுங்கோ. அதுக்கு இது தாராளமாப் போதும். மற்றப் பாதியை நான் திரும்பச் செய்யிறன்.”

அப்படித்தான் செய்தோம். டவுனில் தையல் மெஷினுக்கு எண்ணெய் கிடைக்காமல் சிலர் தேங்காயெண்ணெய் விட்டு, மெஷின் பிசின் பிடித்து நின்றுபோயிருந்த காலம். சின்னப் போத்தல்கள் கடைக்குப் போன கையோடு முடிந்துவிட்டன. எனக்குத் துணி தைத்துத் தரும் பெண் வீட்டுக்கே வந்து, “உங்கட எண்ணெய் விட்டவுடன் மெஷின் சத்தமில்லாமல் ஓடுது, அக்கா,” என்று என் கையைப் பிடித்தாள். சந்தோஷமான செய்தி என்று எனக்குத் தெரிந்தது. தலையை ஆட்டினேன்.

மற்றப் பாதிக்குத் திரும்பவும் அமிலம், திரும்பவும் கசடு, கழுவல், களிமண். மாரி ஓய்ந்து பனி பெய்யத் தொடங்கியிருந்தது. கடைசியாகச் சோதித்தபோது அமிலம் நிறம் மாறாமலே நின்றது. குழாயை இறக்கி எடுத்து, வெள்ளைக் கடதாசிக்கு முன்னே வைத்துப் பார்த்தேன். மாமா, ஃபோர்மன், முதலாளி மூவரும் என் முதுகுப் பக்கம் நின்றார்கள்.

“சரி,” என்றேன்.

“சரியெண்டால்?” என்றார் ஃபோர்மன்.

“பாஸ். இனி மணமும் ருசியும்தான் பாக்கவேணும். சூடாக்கினால் மண்ணெண்ணெய் மணம் வரக்கூடாது. வாயில ருசி இருக்கக்கூடாது.”

ஒரு கரண்டியில் ஊற்றி வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனேன். அப்போதுதான் யோசனை வந்தது. “நான் பாத்துச் சரிவராது. எனக்கு இப்ப ருசி தெரியுதில்லை. நீங்கள் பாருங்கோ, மாமா.”

மாமா என்னை ஒருகணம் பார்த்தார். அவருக்கு அது அதுவரை தெரியாது. இத்தனை நாளும் நான் சமைத்ததை, உப்புக் கூடியதையும் குறைந்ததையும், ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டவர். கரண்டியை வாங்கி வாயில் விட்டார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

“ஒண்டும் இல்லை, பிள்ளை,” என்றார். “ஒரு ருசியும் இல்லை. ஒரு மணமும் இல்லை. என்ர பிள்ளை சொன்ன மாதிரியே வந்திருக்கு.”

சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். பெரிய சத்தமாக, குழந்தை அழுவதுபோல. மகன் செத்தபிறகு அவர் அழுததை நான் காண்பது அதுதான் முதல் தடவை. ஃபோர்மனும் கட்டுக் கையால் கண்ணைத் துடைத்தார். முதலாளி வெளியே போய்விட்டார். நான் மாமாவின் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு, அவர் தோளில் மற்றக் கையை வைத்தேன். அவர் அழுது முடியும்வரை கையை எடுக்கவில்லை. அதற்கு மேல் என்னால் செய்ய முடிந்தது எதுவுமில்லை.

*

எண்ணெயைக் கொடுக்க ஆஸ்பத்திரிக்கு முதலாளியோடு நானும் போனேன். மருந்துக் களஞ்சியத்துக்குப் போகும் வழி என் கணவர் கிடந்த வார்டைத் தாண்டித்தான் போகும். ஒரு மிஸ்ஸி, வார்டுத் தாதி, கதவடியில் நின்றா. என்னைக் கண்டதும் முகம் மாறியது.

“நீங்கள்… அந்த அசிட் சுட்ட கேஸ்…”

“ஓம்.”

“இப்ப என்னத்துக்கு வந்தனீங்கள்? உடம்புக்கு ஏதும்…?”

“எண்ணெய் கொண்டுவந்தனான்.”

அவ என் கையிலிருந்த மாதிரிப் போத்தலைப் பார்த்தா. விளங்கியதோ என்னவோ. “ஒரு நிமிஷம் இருந்திட்டுப் போங்கோ,” என்று கதிரையைக் காட்டினா. நான் இருந்தேன். அவ உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா. அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த எல்லா ஆறுதல்களிலும் அந்தத் தேத்தண்ணியைத்தான் நான் இப்போதும் நன்றியோடு நினைக்கிறேன். அப்போது அது வெறும் சூடாக மட்டும் இருந்தது.

மருந்தாளர் தானும் சோதித்துப் பார்த்து, கொழும்புக்கும் அனுப்பிப் பார்த்து, எடுத்துக்கொண்டார். அதன்பின் சில ஆண்டுகள் அந்த வேலை எனக்கு நிரந்தரமாயிற்று. கறுத்த எண்ணெயும் வந்தது, மருந்து எண்ணெயும் போனது. நான் வெள்ளைச் சேலையை விட்டுக் கலர் சேலைக்கு மாறினேன். அமிலப் பொட்டு வெள்ளையில் விழுந்தால் எடுபட்டுத் தெரிகிறது என்பதுதான் காரணம். பங்கில் அதற்கும் கதை எழும்பியது. மாமா கோயில் வாசலில் நின்று இரண்டு பேரை ஏசினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எழுபத்தேழில் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிட்டது. பளபளப்பான தகரங்களில் வெளிநாட்டு எண்ணெய் கடைகளில் வந்து குவிந்தது. எங்கள் எண்ணெயைக் கேட்க ஆளில்லை. முதலாளி கொஞ்சக்காலம் தாக்குப்பிடித்தார். பிறகு ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு, “இனிச் சரிவராது,” என்றார். தாங்கிகளைக் கழுவி விற்றோம். ஃபோர்மன் சல்லிக்குப் போய்த் திரும்பவும் படகு எஞ்சின்களில் கை வைத்தார். எனக்கு மூதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியை வேலை கிடைத்தது. பாலையூற்றிலிருந்து தினமும் லோஞ்சில் போய் வந்தேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் அவர் இருந்தார். கணக்கு ஆசிரியர், கல்யாணம் செய்யாதவர், அவரும் எங்கள் கத்தோலிக்க வேதம்தான். என்னைப் பற்றி அவர் விசாரித்தது மாமாவிடம். மாமா அதை எனக்குச் சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய அவரை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“இவர் உன்னோடை கதைக்கவேணுமாம், பிள்ளை,” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். சட்டிகளை உருட்டும் சத்தம் தேவைக்கு அதிகமாகக் கேட்டது.

அவர் நேராகக் கேட்டார். “உங்களுக்கு விருப்பமோ?”

நான் யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்ல விரும்பவில்லை. “விருப்பம் எண்டு சொல்லத் தெரியேல்லை. வெறுப்பு இல்லை. எனக்குக் கன காலமா எதுவும் பெரிசாத் தெரியிறதில்லை.”

“எனக்கும் அவசரம் இல்லை,” என்றார்.

“மாமா என்னோடைதான் இருப்பார்.”

“அதைப் பற்றி அவரே முதல் கேட்டிட்டார். நான் ஓம் எண்டு சொன்னாப் பிறகுதான் இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தவர்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாக இல்லை, உதடு கொஞ்சம் அசைந்தது அவ்வளவுதான். குசினியில் சட்டிச் சத்தம் நின்றது.

கல்யாணம் பாலையூற்றுக் கோயிலில், சின்னதாக. அம்மாவும் வந்திருந்தா. என்னைப் பீடம்வரை கூட்டிக்கொண்டு போனவர் மாமா. சுவாமி கேட்ட கேள்விகளுக்கு நான் தெளிவாகப் பதில் சொன்னேன் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். அன்று என்ன நினைத்தேன் என்று கேட்டால், மாமாவின் புதுச் சப்பாத்து கடிக்கிறது, அவர் நொண்டுகிறார் என்பதை நினைத்தேன்.

அடுத்த கிழமை மூவரும் அவர் வீட்டில் குடியிருக்க லோஞ்சில் மூதூருக்குப் போனோம். துறைமுகத்தைத் தாண்டி வெளிக்கடலுக்கு வந்தபோது காற்று மோதியது. அவர் என் பெட்டியைக் காலிடையில் பிடித்துக்கொண்டிருந்தார். மாமா எஞ்சின் பக்கமாகப் போய் லோஞ்ச்காரனோடு வாதாடிக்கொண்டிருந்தார். ஜெட்டியில் இறங்கியதும் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இஞ்சை கிணத்துத் தண்ணி எப்பிடி? உப்போ?”

“எங்கட வளவில நல்ல தண்ணி, மாமா,” என்றார் அவர். ஒரு கையில் பெட்டியையும் மறுகையில் மாமாவின் பம்பு திருத்தும் ஆயுதப் பையையும் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தார். நாங்கள் இருவரும் பின்னால் போனோம்.